தீர்மானம் நிறைவேறிய பிறகு

கிராமசபை முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். தெருவிளக்கு போடுவதானாலும் குளத்தைத் தூர்வாருவதானாலும் அதே சொல்தான். அதை எழுதும் நேரத்தில் ஒரு விளக்கும் எரிந்திருக்காது, ஒரு கூடை வண்டலும் கரையேறியிருக்காது. பிறகு ஒருநாள் வேலை முடிந்தால், அப்போதும் 'தீர்மானம் நிறைவேற்றப்பட்டது' என்றே சொல்வோம். முடிவெடுத்ததற்கும் முடித்துக் காட்டியதற்கும் ஒரே வினை. கேட்பவர் எது நடந்தது என்பதைத் தானே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்த வழுக்கல் உண்டு. ஆனால் அங்கே ஒரு சின்னத் துணைச்சொல் வேலியாக நிற்கிறது. அவை ஒப்புக்கொண்ட தீர்மானம் 'கேரீட்'. செய்துமுடித்த தீர்மானம் 'கேரீட் அவுட்'. இரண்டுக்கும் இடையில் மாதங்களும் ஆண்டுகளும் கிடக்கலாம். அந்த இடைவெளி நெடுகிலும் ஆங்கிலம் வேறு பல சொற்களை நட்டு வைத்திருக்கிறது: எனாக்ட், இம்ப்ளிமென்ட், என்ஃபோர்ஸ், எக்ஸிக்யூட், அட்மினிஸ்டர், பெர்ஃபார்ம், டிஸ்சார்ஜ், ஃபுல்ஃபில், அப்ளை. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு மற்றொன்று பொருளாகத் தரப்பட்டிருக்கும். நம் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் எல்லாமே 'செயல்படுத்துதல்' ஆகிவிடுகின்றன. இவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல, ஒரே பாதையின் வெவ்வேறு கட்டங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதை மறைக்கும் மொழிபெயர்ப்பு, குடிமக்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

தொகுத்தவர்களும் பிரித்தவர்களும்

ஒருபொருட் பன்மொழிகளை அணுக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தொகுப்பது. நம் நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் செய்தது அது. மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட தெசாரஸும் சொற்களைக் கருத்துவாரியாகக் குவித்துத் தந்தது. மறந்துபோன சொல்லை நினைவூட்ட இது நல்ல வழி. மற்றது பிரிப்பது. ஹெஸ்டர் பியோட்ஸி 1794இலும் ஜார்ஜ் கிராப் 1816இலும் வெளியிட்ட நூல்கள், நெருங்கிய சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எங்கே பொருந்தும் என்று விளக்கின. கவிதைக்குத் தொகுப்பு போதும். சட்டத்துக்கும் அரசாணைக்கும் ஒப்பந்தத்துக்கும் பிரிப்புதான் தேவை.

பிரிப்பதற்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம். சொல்லின் செயப்படுபொருள் எது: சட்டமா, ஆணையா, வாக்குறுதியா, கடமையா? செய்பவர் யார்: கட்டுப்பட்டவரா, கட்டுப்படுத்துபவரா? பாதையில் எந்தக் கட்டம்: தொடக்கமா, நடுவா, முடிவா? இந்த மூன்றுக்கும் விடை கண்டால் சொல் தானாகப் பிரிந்து நிற்கும்.

வேர்களில் ஒரு பாத்திரம், ஒரு வண்டி

இந்தச் சொற்களின் பிறப்பைப் பார்த்தால் வியப்பான ஒற்றுமை தெரிகிறது. 'இம்ப்ளிமென்ட்' லத்தீனில் 'நிரப்பு' என்னும் வினையிலிருந்து வந்தது. 'அகாம்ப்ளிஷ்', 'கம்ப்ளை' இரண்டும் நிரப்புவதைக் குறிக்கும் 'கொம்ப்ளேரே'யின் வழிவந்தவை. 'ஃபுல்ஃபில்' பழைய ஆங்கிலத்துக்கே சொந்தமானது. நிறைய நிரப்புவது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நம் 'நிறைவேற்று' என்பதற்குள்ளும் நிறைவு இருக்கிறது. லத்தீனோடும் ஆங்கிலத்தோடும் உறவில்லாத தமிழும் அதே படத்தைத்தான் கண்டிருக்கிறது. முடிவு என்பது வெறும் பாத்திரம், அது நிரம்பும்போதுதான் காரியம் முடிகிறது.

'எக்ஸிக்யூட்' வேறு படம். லத்தீனில் அது 'இறுதிவரை பின்தொடர்' என்று பொருள்படும். அதே வேரிலிருந்து வந்த 'பிராசிக்யூட்' என்பது 'முன்னோக்கித் தொடர்'. நாமும் 'வழக்குத் தொடர்ந்தார்' என்றுதான் சொல்கிறோம். 'கேரி', 'டிஸ்சார்ஜ்' இரண்டுக்கும் பின்னால் ஒரு வண்டி இருக்கிறது. வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்ற லத்தீன் சொல்லே இரண்டுக்கும் மூலம். ஒன்று சுமந்து செல்வது, மற்றது சுமையை இறக்குவது. 'என்ஃபோர்ஸ்' என்பதன் நடுவே வலிமை வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கிறது. நிரப்புதல், பின்தொடர்தல், சுமத்தல், வலிமை காட்டுதல் என்ற இந்த நான்கு படங்களும் இன்றைய பயன்பாட்டிலும் உயிரோடு இருக்கின்றன.

இயற்றுதல் ஒரு நாள், அமலுக்கு வருதல் வேறொரு நாள்

'எனாக்ட்' என்பது சட்டமாக ஆக்குவது. தமிழில் 'இயற்றுதல்'. நாடாளுமன்றம் வாக்களித்துக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. அதனால் அது நடப்பில் இருக்கிறது என்று பொருளாகாது. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே, அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கும். அந்த நாள் வருவதுதான் 'கமிங் இன்டு ஃபோர்ஸ்', அதாவது அமலுக்கு வருவது.

இடைவெளி எவ்வளவு நீளலாம் என்பதற்கு நம் அரசமைப்பிலேயே சான்று இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரையான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86ஆவது திருத்தம் 2002இல் இயற்றப்பட்டது. அதற்கான சட்டம் 2009இல் வந்தது. இரண்டும் அமலுக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. திருத்தம் வந்த ஆண்டில் ஆறு வயதாயிருந்த குழந்தைக்கு அன்று பதின்மூன்றோ பதினான்கோ ஆகியிருக்கும். அதன் தொடக்கக் கல்விப் பருவம் முழுவதும் 'இயற்றப்பட்டது' என்ற சொல்லுக்கும் 'அமலுக்கு வந்தது' என்ற சொல்லுக்கும் நடுவிலேயே கழிந்துவிட்டது.

அதைவிட நீண்டது 44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு. ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெறாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கும் பிரிவு அது. 1978இல் நாடாளுமன்றம் ஏற்ற இப்பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவேயில்லை. ஏ.கே. ராய் வழக்கில் இந்தக் குறை உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அறிவிக்கை வெளியிடுமாறு அரசுக்கு ஆணையிட முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இயற்றப்பட்டது, ஆனால் அமலுக்கு வரவில்லை. 'நிறைவேற்றப்பட்ட திருத்தம்' என்று மட்டும் எழுதினால் இந்த வரலாறு முழுவதும் மறைந்துபோகும்.

அமலுக்கு வந்த பிறகும் விதிகள் வேண்டும். 2019 டிசம்பரில் இயற்றப்பட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10இல் அமலுக்கு வந்தது. விண்ணப்பிக்கும் முறையை வகுக்கும் விதிகள் 2024 மார்ச் 11இல்தான் அறிவிக்கப்பட்டன. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அந்த நான்காண்டுகளில் 'சட்டம் வந்துவிட்டதா, வரவில்லையா' என்று மாறி மாறிப் பேசினார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. சட்டம் இயற்றப்பட்டிருந்தது, அமலிலும் இருந்தது, இம்ப்ளிமென்ட் ஆகவில்லை.

இம்ப்ளிமென்ட்: ஸ்காட்லாந்திலிருந்து வந்த வினை

'இம்ப்ளிமென்ட்' பெயர்ச்சொல்லாகக் கருவியைக் குறிக்கும். கலப்பையும் மண்வெட்டியும் வேளாண் இம்ப்ளிமென்டுகள். வினையாக இது ஸ்காட்லாந்துச் சட்டமொழியிலிருந்து பொது ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே ஒப்பந்தக் கடப்பாட்டை முழுமையாகச் செய்துமுடிப்பதற்கு அதுவே சொல். விற்க ஒப்புக்கொண்டவர் பின்வாங்கினால், சொன்னபடி செய்யச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடும் பரிகாரத்தை இங்கிலாந்தில் 'ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் அதுவே 'ஸ்பெசிஃபிக் இம்ப்ளிமென்ட்'. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் 'ஏற்றதை ஆற்றுதல்' என்ற அழகான பெயர் அதற்கு உண்டு.

இன்று இந்த வினை ஒப்பந்தத்தை விட்டு விலகித் திட்டம், கொள்கை, பரிந்துரை ஆகியவற்றோடு சேர்ந்துவிட்டது. எழுதியிருப்பதை நடப்பாக மாற்றுவதற்கான ஏற்பாடுகளைச் செய்வதே அதன் இப்போதைய பொருள். ஆள் நியமிப்பது, பணம் ஒதுக்குவது, படிவம் தயாரிப்பது எல்லாம் அதில் அடங்கும். அரசமைப்பின் 253ஆவது உறுப்பு, பன்னாட்டு உடன்படிக்கையை இம்ப்ளிமென்ட் செய்யச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதாவது ஒரு காகிதத்தை நடப்பாக்க இன்னொரு காகிதம் தேவைப்படுகிறது. 'செயல்படுத்துதல்', 'நடைமுறைப்படுத்துதல்' என்ற தமிழ்ச் சொற்கள் இந்தக் கட்டத்துக்குச் சரியாகப் பொருந்துகின்றன.

மென்பொருள் துறை இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக வைத்திருக்கிறது. கணக்கிடும் முறை ஒன்றை நிரலாக எழுதி முடிப்பது இம்ப்ளிமென்ட். எழுதிய நிரலைக் கணினி ஓட்டுவது எக்ஸிக்யூட். முன்னதை மனிதர் ஒருமுறை செய்கிறார், பின்னதைப் பொறி கோடி முறை செய்கிறது. நிரலாளர் இரண்டையும் மாற்றிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் உடனே திருத்துவார். அரசாணையிலும் அதே கவனம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

என்ஃபோர்ஸ்: மீறினால் என்ன நடக்கும்?

'இம்ப்ளிமென்ட்' ஏற்பாடு என்றால் 'என்ஃபோர்ஸ்' கட்டாயம். கீழ்ப்படியாதவர் இருக்கிறார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. தலைக்கவச விதியை அறிவித்து, பலகை வைத்து, பரப்புரை செய்வது இம்ப்ளிமென்ட். சாலையில் நிறுத்தி அபராதம் போடுவது என்ஃபோர்ஸ்.

நம் அரசமைப்பை எழுதியவர்கள் இந்தச் சொல்லை எடைபோட்டுத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடிப்படை உரிமைகளை என்ஃபோர்ஸ் செய்ய உச்ச நீதிமன்றத்தை நாடும் வழியை உறுப்பு 32 தருகிறது. அரசு வழிகாட்டு நெறிகளைப் பற்றிய உறுப்பு 37, அவற்றை எந்த நீதிமன்றமும் என்ஃபோர்ஸ் செய்ய முடியாது என்கிறது. ஆனால் சட்டம் இயற்றும்போது அவற்றை 'அப்ளை' செய்வது அரசின் கடமை என்றும் அதே உறுப்பு சேர்த்துச் சொல்கிறது. ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்துவைக்க இந்த இரண்டு வினைகளே போதுமானவையாக இருந்தன. இரண்டையும் 'செயல்படுத்துதல்' என்று பெயர்த்தால், செயல்படுத்த முடியாததைச் செயல்படுத்து என்று அரசமைப்பு சொல்வதாக ஆகிவிடும்.

உறுப்பு 17 இன்னும் ஆழமானது. தீண்டாமையை ஒழித்த அந்த உறுப்பு, தீண்டாமையின் பெயரால் ஒருவர்மேல் எந்தத் தடையையும் என்ஃபோர்ஸ் செய்வது குற்றம் என்கிறது. இங்கே சட்டத்தை என்ஃபோர்ஸ் செய்வது அரசு அல்ல. சாதியின் எழுதாத விதியை என்ஃபோர்ஸ் செய்வது ஊர். கிணற்றில் நீர் எடுக்கவிடாமலும் கோயிலுக்குள் நுழையவிடாமலும் தடுத்தவர்கள், தங்களிடமிருந்த வலிமையைக் கொண்டு ஒரு விதியை நிலைநாட்டிக்கொண்டிருந்தார்கள். அரசமைப்பு அதையும் அதே சொல்லால் குறித்து, அந்த அதிகாரம் இனி உங்களுக்கில்லை என்றது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே. அச்சட்டம்தான் 1976இல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. இந்த இடத்தில் 'அமல்படுத்துதல்' என்று எழுதினால் உப்புச் சப்பில்லாமல் போகும். 'வலுக்கட்டாயமாகச் சுமத்துதல்' என்றால்தான் உண்மை தெரியும்.

தமிழில் என்ஃபோர்ஸ்மென்டுக்கு நிலைத்துவிட்ட சொல் 'அமலாக்கம்'. 1956 மே 1இல் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு இயக்குநரகமான அமைப்பை நாம் அமலாக்கத் துறை என்கிறோம். 'அமல்' அரபியில் செயல் என்று பொருள்படும். நவாபுகளின் காலத்து ஆட்சிமொழியின் வழியாக வந்து வேரூன்றிய சொல். அதில் கட்டாயம் என்ற குறிப்பு இயல்பாக இல்லாததால், அமலுக்கு வருவது, அமல்படுத்துவது, அமலாக்குவது என்று மூன்று கட்டங்களையும் அதுவே தாங்குகிறது. சொல்லைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. துணைவினையைக் கவனமாக எழுதினால் மூன்றும் தனித்தனியே தெரியும்.

எக்ஸிக்யூட்: கையெழுத்திலிருந்து தூக்குமேடை வரை

இந்தக் குடும்பத்திலேயே மிக அகலமாகக் கிளைத்த சொல் 'எக்ஸிக்யூட்'. பத்திரத்தை எக்ஸிக்யூட் செய்வது என்றால் கையெழுத்திட்டு அதற்கு உயிர் கொடுப்பது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதற்கு நம் மக்களிடம் பழகிய சொல் இருக்கிறது. கிரயம் 'எழுதிக் கொடுத்தார்' என்பார்கள். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்ற இணையைவிடத் தெளிவான மொழிபெயர்ப்பு கிடையாது. உயிலை நடத்திவைக்க எழுதியவரே பெயர் குறிப்பிட்டவர் 'எக்ஸிக்யூட்டர்'. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், அப்படி ஒருவர் இல்லாதபோது நீதிமன்றம் நியமிப்பவர் 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. முன்னவர் இறந்தவரின் விருப்பத்தைப் பின்தொடர்கிறார். பின்னவர் சொத்தைப் பராமரித்துப் பங்கிடுகிறார். வேர்ப்பொருள் இங்கே அப்படியே வேலை செய்கிறது.

தீர்ப்பை எக்ஸிக்யூட் செய்வது என்பது உரிமையியல் வழக்காடியவர்கள் நன்கறிந்த துயரம். வழக்கில் வென்றவருக்குக் கையில் கிடைப்பது தீர்ப்பாணை. பணமோ நிலமோ கிடைக்க அவர் நிறைவேற்று மனு என்று இன்னொன்றைப் போட வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கென்றே உள்ள 21ஆவது கட்டளை 106 விதிகள் கொண்டது. ஜப்தி, ஏலம், அமீனா என்று ஊருக்குத் தெரிந்த சொற்களெல்லாம் இந்த இடத்தில்தான் வருகின்றன. குடியிருப்பவர் வசம் இருக்கும் சொத்தென்றால், ஆணையின் நகலை ஒட்டித் தமுக்கடித்து அறிவிப்பதற்கும் விதி உண்டு. தீர்ப்பாணையை எக்ஸிக்யூட் செய்யச் சட்டம் 12 ஆண்டு காலம் தருகிறது. இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டம் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகிறது என்ற கருத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் 1872இலேயே பதிவுசெய்தது. மனு போட்ட ஆறு மாதத்துக்குள் முடித்துவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் வழிகாட்டியது. ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் சொல்லப்பட்ட இரண்டும் ஒரே வலியைத்தான் பேசுகின்றன. தீர்ப்பு சொல்லப்படுவது ஒன்று, நிறைவேறுவது வேறு.

மரண தண்டனையை எக்ஸிக்யூட் செய்வது என்று தொடங்கிய வழக்கு, நாளடைவில் மனிதரையே எக்ஸிக்யூட் செய்வதாக மாறியது. தண்டனைக்குப் பொருந்திய வினை தண்டிக்கப்பட்டவர்மேல் நகர்ந்துவிட்டது. தமிழில் 'தண்டனை நிறைவேற்றப்பட்டது' என்கிறோமே தவிர, ஒரு மனிதரை நிறைவேற்றியதாகச் சொல்வதில்லை. இந்த இடத்தில் தமிழ் காத்த எல்லை மதிப்புக்குரியது.

கடமையும் வாக்கும்

பெர்ஃபார்ம், டிஸ்சார்ஜ், ஃபுல்ஃபில் ஆகிய மூன்றிலும் செய்பவரே கட்டுப்பட்டவர். ஒப்பந்தத்தில் சொன்னதை பெர்ஃபார்ம் செய்ய வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. 'ஆற்றுதல்' இதற்கு நல்ல சொல். 'ஃபுல்ஃபில்' வாக்குறுதிக்கும் நிபந்தனைக்கும் உரியது. வாக்கைக் 'காப்பாற்றினார்' என்றும், நிபந்தனையை 'நிறைவுசெய்தார்' என்றும் எழுதலாம்.

'டிஸ்சார்ஜ்' கடமைக்கும் பொறுப்புக்கும் உரியது. அரசமைப்பின் 60ஆவது உறுப்பில் உள்ள குடியரசுத் தலைவரின் உறுதிமொழியில், பதவியில் இருப்பவர் அதை 'எக்ஸிக்யூட்' செய்வதாகவும், அவருக்குப் பதிலாகப் பணியாற்றுபவர் பணிகளை 'டிஸ்சார்ஜ்' செய்வதாகவும் இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் உறுதிமொழியிலும் முதல் வினையே இருக்கிறது. பதவி முழுமையாகப் பின்தொடர வேண்டிய பாதை. இடைக்காலப் பொறுப்பு இறக்கி வைக்க வேண்டிய சுமை.

எழுபது கையெழுத்து

'இம்ப்ளிமென்டேஷன்' என்ற சொல் 1973இல் ஒரு நூலின் தலைப்பாகவே வந்தது. ஜெஃப்ரி பிரஸ்மன், ஆரன் வில்டாவ்ஸ்கி இருவரும் எழுதியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், குறிப்பாக வேலையில்லாத கறுப்பின மக்களுக்கு, 3,000 வேலைகளை உருவாக்கும் நோக்கத்தோடு 1966இல் அமெரிக்க அரசு 2.3 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. நல்ல நோக்கம், ஒதுக்கிய பணம், பெரிய எதிர்ப்பும் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கிடைத்த வேலைகள் சொற்பமே. முடிவெடுக்க வேண்டிய 30 இடங்களும், பெற வேண்டிய 70 இசைவுகளும் வழியில் இருந்தன என்று நூலாசிரியர்கள் எண்ணிக் காட்டினார்கள். ஒவ்வொரு இசைவும் கிடைக்க நூற்றுக்கு எண்பது வாய்ப்பு இருந்தாலும், எழுபதும் கிடைக்கும் வாய்ப்பு சுமார் அறுபது லட்சத்தில் ஒன்று. தடுக்க நினைத்த எவருமில்லாமலே திட்டம் நின்றுபோக முடியும் என்பதைக் கணக்கு காட்டியது.

அரசியல் ஆய்வாளர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் வேறொரு பக்கத்தைக் காட்டினார். காவலர், ஆசிரியர், நலத்திட்ட ஊழியர் போன்று மக்களை நேரில் சந்திப்பவர்கள் எடுக்கும் அன்றாட முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகிவிடுகின்றன என்றார். அப்படியானால் இம்ப்ளிமென்ட் செய்பவர் வெறும் கருவி அல்ல. பாத்திரத்தில் எதை, எவ்வளவு ஊற்றுவது என்று அவரும் தீர்மானிக்கிறார்.

எதை எங்கே எழுதுவது

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை என்பது விளங்கும். சட்டத்தை ஆக்குவதற்கு இயற்றுதல். உயிர்பெறும் நாளுக்கு அமலுக்கு வருதல். ஏற்பாடுகளுக்குச் செயல்படுத்துதல். மீறுவோர்மேல் அதிகாரத்தைக் காட்டுவதற்கு அமலாக்குதல். ஒப்பந்தத்துக்கு ஆற்றுதல், பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தல், கடமைக்கு நிறைவேற்றுதல், விதியை ஒரு நேர்வுக்குக் கொண்டுவருவதற்குப் பொருத்துதல். கூட்டம் ஒப்புக்கொண்ட தீர்மானத்துக்கு 'ஏற்கப்பட்டது' என்ற சொல் போதும்.

செய்தி எழுதுபவரும், அரசாணையைத் தமிழாக்குபவரும், மனு எழுதித் தருபவரும் இந்த வேறுபாட்டைக் காத்தால் படிப்பவருக்கு ஒரு பிடி கிடைக்கும். 'திட்டம் செயல்படுத்தப்பட்டது' என்ற வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. 'திட்டம் ஏற்கப்பட்டது, பணம் ஒதுக்கப்பட்டது, வேலை தொடங்கவில்லை' என்று எழுதினால் அடுத்த கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கிராமசபைக் கூட்டத்தில் குளத்துத் தீர்மானத்துக்கு எதிரே 'ஏற்கப்பட்டது' என்று எழுதட்டும். வண்டல் கரையேறும்போது 'வேலை நடக்கிறது' என்று எழுதட்டும். மழை பெய்து, வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்து, குளம் நிரம்பி நிற்கும் அன்று 'நிறைவேறியது' என்று எழுதலாம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நிறைவு அன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.